மூன்றாவது கார்டு சூடாவது ஏன்?

திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால் மணி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு உன் தாய்மாமன் எழுதுவது.

இங்கே நானும் உன் கம்ப்யூட்டரின் ஆறு கார்டுகளும் சௌக்கியம். ஆறில் மூன்றாவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, கடிதமே அதற்காகத்தான். அங்கே நீயும், உன் மனைவியும், உன் அம்மாவாகிய என் தங்கையும், நான் இன்னும் கையில் தூக்கிப் பார்க்காத பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான். செய்தி வருவது குறைவு.

போன் இருக்க மாமா எதற்கு மெனக்கெட்டுக் காகிதம் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடிவதற்குள் நீ நாலு தடவை "சரி மாமா" சொல்லிவிடுகிறாய். நாலாவது "சரி மாமா" வந்த பிறகு மேற்கொண்டு பேச எனக்கு வாய் வருவதில்லை. காகிதம் அப்படியில்லை, சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருக்கும். கூரியர் கடைக்காரர் புதன்கிழமைக்குள் சேர்த்துவிடுவதாகச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை காலையில் நீ அனுப்பும் ஆள் வண்டியோடு வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

நேற்று நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. "மாமா, மூணாவது கார்டு திரும்பவும் எம்பது டிகிரியைத் தாண்டிடுச்சு. இது ஏழாவது தடவை. போதும் மாமா, மெஷினை வித்துடலாம். பழைய கம்ப்யூட்டர் வாங்கற ஒருத்தர் வியாழக்கிழமை வந்து கழட்டி எடுத்துட்டுப் போவார்." இதுவரைக்கும் பரவாயில்லை. பொருள் உன்னுடையது, வைப்பதும் விற்பதும் உன் இஷ்டம். அதற்குப் பிறகு ஒன்று சொன்னாய் பார், "உங்களால முடியலன்னா பரவாயில்ல மாமா, வயசாகுதுல்ல" என்று. நீ அன்பாகத்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அன்பாகச் சொன்னதால்தான் சுருக்கென்று தைத்தது; கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு கத்திவிட்டு மறந்திருப்பேன்.

மாப்பிள்ளை, யாரைப் பார்த்து முடியவில்லை என்கிறாய்? அட்டைப்பெட்டி ஆலையில் முப்பத்தோரு வருஷம் பாய்லர் பார்த்தவன் நான். என் ஷிப்டில் சேஃப்டி வால்வு ஒரு தடவைகூடத் தானாகத் திறந்ததில்லை. அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டை எட்டிப் பார்த்ததில்லை. எவ்வளவு நீராவி கேட்கிறார்களோ அவ்வளவு, ஒரு பொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முள்ளை ஆணி அடித்து வைத்திருக்கிறாயா என்று மேஸ்திரி கேலி செய்வார். அந்த மேஸ்திரியும் பாய்லர் அறைக்குச் சும்மா வந்தவரில்லை. அங்கே யாருமே சும்மா வரமாட்டார்கள். நீராவி குறைந்தால்தான் கதவைத் திறந்து தலையை நீட்டுவார்கள். என் ஷிப்டில் குறையாது. ஆகவே அந்தக் கதவு திறந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவன் கையில் ஒரு கார்டு ஏழு தடவை சூடாகிவிட்டது என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்த இயந்திரத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து கட்டியதை ஒரு தடவை நினைத்துப் பார். மூன்று வாரம். நீ கடையில் விற்கிற லேசான அலுமினியச் சட்டம் வாங்கலாம் என்றாய். நான் ஆலையின் பழைய சாமான் அறையிலிருந்து துளை போட்ட இரும்புச் சட்டம் கேட்டு வாங்கி வந்து, அறுத்து, முடுக்கி, பலம் எப்படி என்று காட்ட அதன் மேல் ஏறி நின்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு நீ ஒவ்வொரு கார்டாகப் பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல வைத்தாய், நான் திருகாணி முடுக்கினேன். "மெதுவா மாமா, மெதுவா மாமா" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. முதன்முதலாக ஸ்விட்ச் போட்டதும் அத்தனை விசிறியும் ஒன்றாக இரைந்தன. சமையலறையிலிருந்து உன் அம்மா, தண்ணி மோட்டாரை யாராவது நிறுத்துங்களேன் என்று குரல் கொடுத்தாள். வந்து பார்த்துவிட்டு இது என்ன செய்யும் என்று கேட்டாள். இன்டர்நெட்டில் மட்டும் புழங்கும், கண்ணுக்குத் தெரியாத காசுக்காகக் கணக்குப் போடும் என்றாய். அந்தக் கணக்கை யார் கேட்டார்கள் என்றாள். யாரும் கேட்கவில்லை, யார் முதலில் போட்டு முடிக்கிறார்கள் என்று உலகம் முழுக்கப் போட்டி என்றாய். வேலையில்லாத ஊருக்கு விசிறி வேறயா என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அன்றைக்கு நாம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இந்த வீட்டில் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பிறகு உனக்குத் தூரத்தில் வேலை கிடைத்தது. புது வீட்டில் இடமில்லை, மின்சாரக் கட்டணமும் அங்கே அதிகம் என்று இயந்திரத்தை உன் அறையிலேயே விட்டுப்போனாய். ஐந்து மாதத்துக்கு முன்னால் குழந்தை பிறந்ததும் உன் அம்மாவும் கிளம்பினாள். இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன் என்றாள். குழந்தை விட்டால்தானே. இப்போது மூன்று பேர் பேசிக்கொண்டிருந்த வீட்டில் விசிறிகள் மட்டும்தான் பேசுகின்றன. நான் பேச்சை மறந்துவிடக்கூடாது என்பதற்காகச் சில நாள் நானும் அவற்றோடு பேசுகிறேன். இதை உன் அம்மாவிடம் சொல்லாதே.

பராமரிப்பில் ஒரு குறை வைத்தேனா, நீயே சொல். சூடு மேலே போகும், குளிர்ச்சி கீழே தங்கும்; இதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. வடக்கு ஜன்னலின் கீழ்க் கதவைக் கழற்றிப் பழைய கொசுவலை கட்டினேன், குளிர்ந்த காற்று அந்த வழியாக உள்ளே வரும். மேல் ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன். இரண்டுக்கும் நடுவில் கார்டுகளின் தலைக்கு மேலிருந்து ஃபேன் வரைக்கும் அட்டையாலேயே ஒரு கூண்டும் குழாயும் செய்தேன். ஐந்தடுக்கு அட்டை, மட்டமான அட்டை இல்லை. ஆலையில் தள்ளுபடியான பெட்டிகள் என்பதால் "இந்தப் பக்கம் மேலே" என்று எழுதியிருந்த அம்புக்குறி தரையைப் பார்த்து அமைந்துவிட்டது. எலெக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டுக் குழாயைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள் என்று என்னோடு அரை மணி நேரம் வாதாடினார். இரண்டு மணிக்கு ஒரு முறை ஆறு கார்டின் சூட்டையும் நோட்டில் எழுதுகிறேன். எல்லாம் உன் போனிலேயே தெரிகிறது, எழுத வேண்டாம் என்றாய். தெரிந்தால் நல்லது. ஷிப்டில் இருப்பவன் எழுதத்தான் வேண்டும்.

இனி ஏழு தடவைக்கும் காரணம்.

முதல் தடவை தூசி. உன் அம்மா கிளம்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. கூட்டிப் பெருக்க ஆள் இல்லை, எனக்கும் மனசில்லை. மூன்றாவது கார்டின் சிறகுகளில் தூசி அடைத்துக்கொண்டது. அது நடுவில் இருக்கிறது பார், இரண்டு பக்கத்துச் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. எண்பத்தேழு போய்விட்டது. எண்பதைத் தாண்டினால் உன் போனில் மணி அடிக்கும்படி நீ வைத்திருந்தாயே, அது அடித்து, அடுத்த நிமிஷம் என் போன் அடித்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டச் சொன்னாய். தட்டினேன். நாலு நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஆனால் பேச்சு அதோடு முடியவில்லை. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறது என்றாய், உன் அதிகாரி உன்னைக் காய்ச்சி எடுக்கிறார் என்றாய், சாப்பிட்டீர்களா மாமா, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாய். நான் என்ன சாப்பிட்டேன் என்று என்னை ஒருவர் கேட்டு அன்றைக்கு நாலு வாரம் ஆகியிருந்தது. மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இந்த அட்டைக் குழாய் எல்லாம் செய்தேன். ஏழு வாரம் மூன்றாவது கார்டு அறுபத்துநாலை விட்டு அசையவில்லை. உன் போனில் மணியும் அடிக்கவில்லை, என் போனும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது தடவை பூனை. இதை நான் சூப்பர்வைசர் என்று கூப்பிடுகிறேன். வரும், எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்க்கும், ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் போய்விடும். சூடான இடம் என்றால் அதற்கு உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அது அட்டைக் கூண்டுக்குள் புகுந்து குழாயின் வாயில் சுருண்டு படுத்துவிட்டது. காற்று போக வழியில்லை, மூன்றாவது கார்டு எண்பத்தொன்று. நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை மாடியில் குடியிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் துவைத்துக் காயப்போட்ட போர்வை காற்றில் பறந்து நம் எக்ஸாஸ்ட் ஃபேனின் வெளிப்பக்கத்தை மூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. நான் குளித்துக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை எலெக்ட்ரீஷியன். ஃபேனைக் கழற்றித் துடைத்தவர் திருப்பி மாட்டிவிட்டார், வெளியே தள்ள வேண்டிய சூட்டை அது உள்ளே இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை எந்த எலெக்ட்ரீஷியன் வேலைக்கு வருவார் என்று கேட்காதே, இவர் வந்தார். ஐந்தாவது தடவை மறுபடியும் பூனை. அன்று காலை முழுக்கப் பூனை மாடியில் ஒரு கடைப் பெட்டிக்குள் குட்டி போட்டுக்கொண்டிருந்தது, சூப்பர்வைசர் பெண் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது என்று கடைக்காரர் சொன்னாலும் சொல்வார். நம்பாதே. பூனை கெட்டிக்காரப் பூனை, இரண்டு இடத்திலும் இருக்கும். ஆறாவது தடவை என் சட்டைகள். அந்த அறையில் கொடி கட்டிச் சட்டை காயப்போட்டால் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. ஒரு சட்டை நழுவிக் கார்டின் மேல் விழுந்திருக்கும். ஏழாவது, நேற்று நடந்தது, இன்னும் விசாரணையில் இருக்கிறது.

எல்லாமே ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது தற்செயல். நீயே அதைக் கவனித்து, "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்ல இருக்காங்க மாமா, வோல்டேஜ் எறங்குது போல" என்றாய். நான் ஆமாம் என்றேன். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இன்னொன்றும் கேட்டாய்: குளித்துக்கொண்டிருந்தேன் என்கிறீர்கள், முதல் ரிங் முடிவதற்குள் போனை எடுத்துவிடுகிறீர்களே எப்படி என்று. குளியலறைக்குப் போனையும் எடுத்துப்போகிறேன். வயசான காலத்தில் வழுக்கி விழுந்தால் உதவும் என்று டாக்டர் ஒருவர் சொன்னார். எந்த டாக்டர் என்று நினைவில்லை.

ஆக, எந்த இடத்திலும் இயந்திரத்தின் மேல் தவறில்லை, என் மேலும் தவறில்லை. விற்பதை மறுபடி யோசி. நீ வருமானத்தைப் பார்க்கிறாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிறாய், மின்சாரக் கட்டணத்தை வைத்து. சுண்டைக்காயை விட்டுத்தள்ளு. இந்தச் சூட்டில் இந்தக் கட்டிடமே வாழ்கிறது. மாடியில் கடைக்காரர் வீட்டுத் தரை வெதுவெதுப்பாக இருக்கிறதாம், செருப்பில்லாமல் நடக்கிறார். முதலில் கால் சுடுகிறது என்று சண்டைக்கு வந்தவர், இப்போது குளிர்காலம் முடியும்வரை இயந்திரத்தை நிறுத்த வேண்டாம் என்று வந்து கேட்டுவிட்டுப் போகிறார். வரும்போது ஈரக் காலுறைகளையும் எடுத்து வருகிறார். அது காயும்வரைக்கும் உட்கார்ந்திருப்பார். ஒரு காலுறை காய நாற்பது நிமிஷம் ஆகிறது. அவர் அதிகம் பேசமாட்டார், இருந்தாலும் எதிரில் ஒரு ஆள் இருக்கிறார் இல்லையா. சூப்பர்வைசர் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இங்கேயே குடிவந்துவிட்டது. வியாழக்கிழமை இயந்திரம் போய்விட்டால் கடைக்காரருக்குக் காலுறை காய்வதற்கு வேறு இடம் கிடைக்கும், பூனைக்கும் வேறு அடுப்படி கிடைக்கும். எனக்கு இந்த வீட்டில் குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும். குண்டூசியைக் கீழே போடுவதற்கும் நான் ஒருவன்தான் இருப்பேன்.

இதற்கிடையில் இன்று காலை உன் ஆள் வந்தார். வியாழக்கிழமைக்கு முன்னால் சாமானை ஒரு பார்வை பார்க்க வேண்டுமாம். காட்டினேன். காட்டாமல் என்ன செய்ய. மனிதர் குனிந்து கொசுவலையைப் பார்த்தார், கூண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார், அட்டைக் குழாயைத் தட்டிப் பார்த்தார், நோட்டை எடுத்துப் பத்துப் பக்கம் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், இந்த மாதிரி காத்தோட்டம் நான் எங்கயும் பார்த்ததில்ல. இதுல ஒரு கார்டு சூடாகறதுக்கு வழியே இல்லையே. சூடாகுதுன்னுதானே விக்கறாங்க?"

முப்பத்தோரு வருஷத்தில் என் வேலையை ஒருவர் நின்று பார்த்து நல்லது சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த நேரம் பார்த்தா சொல்ல வேண்டும்? இதை உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன், எழுதினால் என் கட்சிக்கே கேடு. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்வேன்? டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

ஆகவே நீ உடனே அவரைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியது. இனிமேல் பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்துகிறேன், போர்வைக்குக் கிளிப் போடச் சொல்கிறேன், சட்டையை வெயிலில் காயப்போடுகிறேன், குளிப்பதையும் வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அதிகாரி காய்ச்சினால் காய்ச்சிவிட்டுப் போகட்டும், நீ கொதிக்காதே. உன் மனைவிக்கு என் அன்பு. தங்கையிடம் அவளுடைய பித்தளைச் செம்பு பத்திரமாக இருக்கிறது என்று சொல். பேத்தி நூறாண்டு நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும், காய்ச்சல் என்ற வார்த்தையே அவள் பக்கம் வராமல் இருக்கட்டும். எல்லோருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் மாமா
(ஷிப்டில்)

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்து உறையில் போட்டுக் கோந்து தடவப்போனேன். சூப்பர்வைசர் மேஜை மேல் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். குட்டி போட்ட பூனையின் தலையில் இரண்டு பழியைச் சுமத்திவிட்டு எனக்கு உறையை ஒட்ட மனம் வரவில்லை. ஆகவே உறையிலிருந்து காகிதத்தை எடுத்து இதை எழுதுகிறேன்.

பூனை ஒன்றும் செய்யவில்லை. போர்வை பறக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் ஃபேனைச் சரியாகத்தான் மாட்டினார், அவர் வந்தது செவ்வாய்க்கிழமை. முதல் தடவை மட்டும் நிஜம். மற்ற ஆறும் நான். நீ சின்ன வயசில் போர்த்துக்கொண்ட கட்டம் போட்ட கம்பளி இருக்கிறதே, அதை நாலாக மடித்துக் குழாயின் வாயில் வைப்பேன். அறுபத்துநாலிலிருந்து எண்பத்தொன்றுக்குப் போக ஒன்பது நிமிஷம் ஆகும். எண்பத்தொன்று வந்ததும் எடுத்துவிடுவேன். ஒரு நாளும் எண்பத்திரண்டுக்கு விட்டதில்லை. உன் பொருளுக்குக் கெடுதல் செய்ய எனக்கு மனம் வராது. வேலை நாளில் செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு நீ சாப்பிட்டு முடித்திருப்பாய். ஒவ்வொரு ஞாயிறும் என்றால் உனக்குத் தொல்லையாக இருக்கும் என்று ஒன்று விட்டு ஒன்று.

உன் போனைத் திறந்து பழைய அலாரங்களைப் பார். முதலாவது எண்பத்தேழு. அதற்குப் பிறகு ஆறு எண்பத்தொன்று. தானாகச் சூடாகும் இயந்திரம் ஒரு நாள் எண்பத்துமூன்று காட்டும், ஒரு நாள் எண்பத்தாறு காட்டும். ஆறு தடவையும் ஆணி அடித்ததுபோல எண்பத்தொன்றில் நிறுத்துவதற்கு ஒரு பாய்லர்காரன் வேண்டும். நீ கண்டுபிடித்துவிடுவாயோ என்று முதலில் பயமாக இருந்தது. போகப் போக, இவ்வளவு தெரிந்த பிள்ளை இதைக் கண்டுபிடிக்கவில்லையே என்று வருத்தமாகிவிட்டது. ஆலையில் முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை. அங்கேயும் கதவு திறக்காதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. ஆனால் அது சம்பளம் வாங்கிய இடம்.

நீங்களே கூப்பிட்டிருக்கலாமே என்பாய். கூப்பிட்டேன், இரண்டு தடவை. "என்ன மாமா, என்னாச்சு?" என்று பதறினாய். ஒன்றும் ஆகவில்லை என்றேன். "சரி மாமா, அப்புறம் கூப்பிடறேன்" என்றாய். உன் மேல் குற்றமில்லை. ஒன்றும் ஆகாத ஆளிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரிவதில்லை, எனக்கே தெரிவதில்லை. அதனால்தான் ஏதாவது ஆகட்டும் என்று பார்த்தேன்.

அந்த ஆள் வியாழக்கிழமை வரட்டும், தடுக்காதே. கடைக்காரர் காலுறையை வெயிலில் காயப்போடட்டும். நானே கார்டுகளைக் கழற்றி, நல்ல ஐந்தடுக்குப் பெட்டியில், அம்புக்குறி மேலே பார்க்கும்படி வைத்துக் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். கம்பளியைத் துவைத்துவிட்டேன், இப்போது கொடியில் காய்கிறது. பேத்திக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு நான் குளிக்கப் போவதில்லை. வீட்டில் எதுவும் சூடாகியிருக்காது. சும்மா கூப்பிடு.